கேஜை நகர்த்தினால் மழை மாறுமா

1984-ல் 1 மணி 11 நிமிடம் 52 நொடி. 1988-ல் 56 நிமிடம் 33 நொடி.

குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 20 கிலோமீட்டர் பயத்லானில் தங்கம் வாங்கியவர்களின் நேரம் இது. முதலாவது சரயேவோவில் பீட்டர் ஆங்கரர், அடுத்தது கால்கரியில் ஃப்ராங்க்-பீட்டர் ரோட்ஷ். அதே தூரம், அதே 20 குண்டு, நான்கு வருஷத்தில் 15 நிமிடம் மாயம். ரோட்ஷ் மூன்று குண்டைத் தவறவிட்டு, அதற்கு மூன்று நிமிடம் தண்டனையும் வாங்கிக்கொண்டு இந்த நேரத்தில் முடித்தார். முதல்முறை இந்த எண்களை எக்ஸெலில் போட்டு கோடு இழுத்தபோது நான் எங்கோ தப்பாக டைப் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பயத்லான் என்னவென்று தெரியாதவர்களுக்கு (எங்கள் தெருவில் என்னையும் சுபேதார் மாமாவையும் தவிர எல்லோரும்): பனிச்சறுக்கு மட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, குறைந்தது மூன்றரை கிலோ துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு மேடும் பள்ளமுமாகச் சறுக்கி ஓட வேண்டும், நடுநடுவே நின்று 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது வட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, சராசரியாக 20 நொடிக்கு மேல் போய்விடும். 20 கிலோமீட்டர் தனிநபர் போட்டியில் மட்டும் சுற்றுக்குப் பதில் ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம்.

கோத்தகிரி பக்கம் உட்கார்ந்துகொண்டு இதை எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்காதவர் இல்லை. நமக்குப் பனி என்றால் கார்த்திகையில் விழும் நீர்ப்பனியும், மார்கழி தையில் தலைகுந்தா புல்வெளியை வெள்ளையாக்கும் உறைபனியும்தான், அதுவும் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போவது. காரணம் ரொம்ப சாதாரணம். ஐரோப்பாவில் மதியம் இரண்டரைக்குத் தொடங்கும் போட்டி இங்கே இரவு ஏழு மணி. டிசம்பரில் ஏழு மணிக்கு வெளியே போக யாருக்கும் மனசு வராது. ஒரு வருஷம் தற்செயலாகப் பார்த்தேன், அப்புறம் விட முடியவில்லை. இன்னொன்று, சர்வதேச விதிப்படி பந்தயப் பாதை கடல்மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கோத்தகிரி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஊட்டி 2200-ஐத் தாண்டி. ஆகவே பனி மட்டும் கொட்டினால் போட்டி நடத்தும் தகுதி எங்களுக்குத்தான், ஊட்டிக்காரர்களுக்கு இல்லை.

சரி, அந்த 15 நிமிடம்.

அதைப் புரியவைத்தது அப்பாவின் மழை நோட்டு. அப்பா ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். தினமும் காலையில் ரெயின் கேஜில் (மழை அளக்கும் டின்) சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, இஞ்ச் சென்ட் கணக்கில் எழுதி வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. எஸ்டேட்டுக்கு ஒரு பதிவேடு, வீட்டுக்கு ஒரு நோட்டு. அவர் போன பிறகு வீட்டு நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு காலகட்டத்தில் ஏழெட்டு வருஷமாக மழை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது, அப்புறம் திடீரென்று ஒரே வருஷத்தில் ஏறிவிடுகிறது. பருவமழை பொய்த்தது, காலநிலை மாறியது என்றெல்லாம் மனசுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அப்புறம்தான் அந்தத் திடீர் ஏற்றம் இருந்த பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் அப்பாவின் பொடி எழுத்து: "கேஜ் இடம் மாற்றம்." 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் மண் சரிந்ததும், ஆபீஸ் பின்னாடி இருந்த கேஜைப் பிடுங்கி மேட்டில் வெட்டவெளியில் நட்டிருக்கிறார்கள். மழை கூடவில்லை, டின்தான் நகர்ந்திருக்கிறது.

அதற்கு முந்தைய ஏழெட்டு வருஷச் சரிவு? அம்மாதான் சொன்னாள். பழைய இடத்தின் தலைமாட்டில் ஒரு சில்வர் ஓக் இருந்ததாம், வருஷா வருஷம் வளர்ந்து கேஜ் மேல் கவிழ்ந்துவிட்டதாம். அதற்கு எந்தச் சிவப்புக் கோடும் கிடையாது. மரம் வளர்ந்ததை யார் தேதி போட்டு எழுதுவார்கள்?

பயத்லான் கணக்குக்குத் திரும்பினால், 1984-க்கும் 1988-க்கும் நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கோடு கிடக்கிறது. அதுவரை எல்லோரும் இரண்டு கால்களையும் பனியில் வெட்டிய இணைக்கோட்டுக்குள் முன்னும் பின்னும் தள்ளித்தான் போனார்கள். 1980-களின் நடுவில் ஐஸ் ஸ்கேட்டிங் மாதிரி காலைப் பக்கவாட்டில் உதைத்துச் சறுக்கும் முறை வந்து பயத்லானை முழுசாகப் பிடித்துக்கொண்டது. மனிதர்கள் நான்கு வருஷத்தில் திடீரென்று பலசாலி ஆகவில்லை, நடையே மாறிவிட்டது. ஆங்கரரையும் ரோட்ஷையும் நேரத்தை வைத்து ஒப்பிடுவது சைக்கிள்காரனையும் நடப்பவனையும் ஒப்பிடுகிற கதைதான்.

அதற்கும் முன்னால் இன்னொரு கோடு. 1960-ல் ஸ்குவா வேலியில் பயத்லான் ஒலிம்பிக்குக்கு வந்தபோது சுட்டது பெரிய ராணுவத் துப்பாக்கி, தூரம் 100 மீட்டரிலிருந்து 250 மீட்டர் வரை, தவறினால் ஒரு குண்டுக்கு இரண்டு நிமிடம். ஸ்வீடனின் கிளாஸ் லெஸ்டாண்டர் 20-க்கு 20 அடித்துத் தங்கம் வாங்கினார். சறுக்கும் வேகத்தில் மட்டும் பார்த்தால் அவர் 15-வது ஆள். அன்று எல்லோரையும் விட வேகமாக ஓடியவர் பிரான்ஸின் விக்டர் அர்பே, லெஸ்டாண்டரை விட ஏழு நிமிடத்துக்கும் மேல் முன்னால். ஆனால் 20-ல் 18 குண்டைக் கோட்டைவிட்டார், 36 நிமிடம் தண்டனை. எனக்கு அர்பேயை ரொம்பப் பிடிக்கும். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த முப்பத்தாறு நிமிடத்தை ரிசல்ட் தாளில் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றும்.

1978 வாக்கில் பெரிய துப்பாக்கி போய் சின்ன பாயின்ட் 22 வந்தது, தூரம் 50 மீட்டராகச் சுருங்கியது. இரண்டு நிமிடத் தண்டனை ஒரு நிமிடமானது. 1960, 64, 68 மூன்று ஒலிம்பிக்கிலும் 20 கிலோமீட்டரில் ஜெயித்தவர் ஒரு குண்டைக்கூடத் தவறவிடவில்லை. 2018-ல் யோஹன்னஸ் போ இரண்டைத் தவறவிட்டும் தங்கம், 2022-ல் கென்டன் ஃபியோன் மாயேவும் அப்படியே. இதை வைத்து "அந்தக் காலத்து ஆட்கள் குறி தவறாதவர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு தாராளமாகத் தட்டிவிடலாம். ஒரு குண்டின் விலை பாதியாகிவிட்டால் இரண்டைத் தவறவிட்டவனும் ஜெயிப்பான், அவ்வளவுதான். அதிலும் ஐந்து போட்டியை வைத்து ஒரு பரம்பரையையே எடைபோட முடியாது.

புள்ளிகளிலும் அதே கதை. உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் முதல் இடத்துக்கு 60 புள்ளி, இரண்டாவதுக்கு 54 என்று ரொம்ப வருஷம் இருந்தது. 2022-23 பருவத்திலிருந்து 90, 75, 60. அந்தக் கோடு தெரியாமல் பருவவாரியாக மொத்தப் புள்ளியை வரைந்தால் எல்லோரும் ராக்கெட் விட்ட மாதிரி மேலே போவார்கள். பழைய முறையில் 2019-20 பருவத்தை போ 913 புள்ளியுடன் ஜெயித்தார், மார்ட்டின் ஃபூர்காட் 911. இரண்டே புள்ளி. அந்த வருஷம் ஜனவரியில் குழந்தை பிறந்ததற்காக போ சில போட்டிகளுக்கே போகவில்லை, ஃபூர்காட் தன் கடைசிப் போட்டியை ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். மோசமான இரண்டு முடிவுகளைக் கழித்துவிடலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது, அதனால்தான் இவ்வளவு நெருக்கம். இப்படி ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டு யார் சிறந்தவர் என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நானும் போட்டிருக்கிறேன்.

வெற்றி எண்ணிக்கையையும் நம்ப முடியாது. 1970-களின் கடைசியிலிருந்து நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற ஃப்ராங்க் உல்ரிஷ் காலத்தில் தனியாள் போட்டி என்று இருந்தது இரண்டே வகை. துரத்தல் போட்டியும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் போட்டியும் 1990-களின் பின்பாதியில்தான் சேர்ந்தன. ஜெயிக்க இடமே கம்மி.

இதெல்லாம் சிவப்புக் கோடு, தேடினால் கிடைத்துவிடும். படுத்துவது சில்வர் ஓக் வகைதான். பனியைச் சமன் செய்யும் இயந்திரம் வருஷா வருஷம் தேறியது, மட்டைக்கு அடியில் தேய்க்கும் மெழுகு தேறியது, அடிப்பரப்பைச் சாணை பிடிக்கும் வித்தை தேறியது, கோடையில் தார் ரோட்டில் சக்கர மட்டையில் பயிற்சி எடுப்பது பரவியது, சுடுதளத்தில் செலவாகும் நேரம் சுருங்கியது. எதற்கும் தேதி கிடையாது. மெழுகில் மட்டும் ஒரு தேதி உண்டு, ஃப்ளோரின் கலந்த மெழுகை 2023-24 பருவத்திலிருந்து தடை செய்தார்கள். அந்த வருஷ வேகத்தை முந்தின வருஷத்தோடு வைத்துப் பார்த்து யார் தேய்ந்தார்கள் யார் தேறினார்கள் என்று சொல்வது ஆபத்து.

ஒலிம்பிக் தங்க நேரங்களையே பாருங்கள்: 2002-ல் 51 நிமிடம் 3 நொடி, 2006-ல் 54 நிமிடம் 23 நொடி, 2010-ல் 48 நிமிடம் 22 நொடி. 2006-ல் உலகமே சோம்பேறி ஆகிவிட்டதா என்ன. ஒவ்வொரு ஊரிலும் ஏற்றம் வேறு, பனி வேறு, காற்று வேறு. ஜெர்மனியின் ஓபர்ஹோஃப் மூடுபனிக்குப் பேர்போனது, நம் குன்னூர் மாதிரி. இத்தாலியின் ஆன்டோல்ஸ் 1600 மீட்டர் உயரத்தில், வெயிலடித்துக்கொண்டு, மூச்சுதான் வாங்கும். அதனால் நான் இப்போது நேரத்தை நேரமாகவே வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு அதே பாதையில் ஓடியவர்களில் நடு ஆளின் சறுக்கு நேரம் என்ன, இவர் அதைவிட எத்தனை சதவீதம் வேகம் என்று மட்டும் எழுதுகிறேன். சுடுவதிலும் அப்படித்தான், அன்றைய காற்றில் மற்றவர்கள் எத்தனை அடித்தார்கள் என்பதோடு ஒப்பிட்டு. இப்படி மாற்றிப் போட்டதும் கோடுகள் எல்லாம் சாதுவாகிவிட்டன.

சாதுவான பிறகுதான் எனக்குப் பிடித்த விஷயம் தெரிந்தது. ஒருவருடைய சறுக்கு வேகம் வாரத்துக்கு வாரம், ஏன் வருஷத்துக்கு வருஷம்கூட, பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கிறது. சுடுவதோ குரங்கு மாதிரி தாவுகிறது. யோசித்தால் நியாயம்தான். ஸ்பிரின்ட் என்கிற குட்டைப் போட்டியில் 10 கிலோமீட்டர் சறுக்குவது என்றால் ஆயிரக்கணக்கான உதை, ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது சரிக்கட்டிவிடும். சுடுவது பத்தே குண்டு.

கணக்கு சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நூற்றுக்கு 85 அடிக்கும் ஆள், அதில் ஏற்ற இறக்கமே இல்லை என்று வையுங்கள். 20 குண்டும் படுவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிப்பட்ட 90 பேர் ஒரு போட்டியில் கிளம்பினால் மூன்று நான்கு பேர் 20-க்கு 20 அடித்துவிடுவார்கள், திறமை ஒரு இம்மி கூடாமலே. மறுநாள் வர்ணனையாளர் அவர்களுடைய மன உறுதியைப் பற்றிப் பேசுவார். ஒரு பருவத்துக்கு 300 குண்டு என்று வைத்தாலும், 85 சதவீத ஆள் ஒரு வருஷம் 83, அடுத்த வருஷம் 87 என்று காட்டுவது வெறும் அதிர்ஷ்டத்திலேயே நடந்துவிடும். நடுவில் அவர் பயிற்சியாளரை மாற்றியிருந்தால் போச்சு, புகழெல்லாம் புதிய பயிற்சியாளருக்கு.

அதற்காகச் சுடுவது முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஸ்பிரின்ட் போட்டியில் முதல் பத்துப் பேருக்கும் 21-லிருந்து 30-வது இடம் வரை முடிப்பவர்களுக்கும் உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் சறுக்கு வேகத்தால் வருவது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்டனைச் சுற்றால். வேகம் உன்னை முதல் இருபதுக்குள் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் அன்றைக்கு யாருக்கு அடித்தது என்று பார்க்கணும். ஃபூர்காட் தொடர்ந்து ஏழு வருஷம் கோப்பையை வாங்கினார், மாக்டலேனா ஃபோர்ஸ்பெர்க் பெண்களில் ஆறு வருஷம். அவ்வளவு நீளமாக ஒன்று நீடித்தால் அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. ஒரு வருஷத்தை எழுதலாம்.

இதைத்தான் சுபேதார் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீடு. "தம்பி, அடிக்கிறவன் அடிப்பான், அடிக்காதவன் சாக்கு சொல்வான்" என்பார். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று போன ஜனவரியில் ஆரம்பித்தோம். மாமாவிடம் ஒரு பழைய ஏர் ரைஃபிள் உண்டு. 50 மீட்டரில் 115 மில்லிமீட்டர் என்றால் 10 மீட்டரில் 23, சரியாக ஒரு ஐந்து ரூபாய்க் காசு அளவு. (படுத்துச் சுடும் வட்டம் 9 மில்லிமீட்டர் வரும், சட்டைக் காலர் பட்டன். அதை முயற்சி செய்து பார்த்துவிட்டு மானத்தோடு விட்டுவிட்டோம்.) காசை வைத்து அட்டையில் ஐந்து வட்டம் வரைந்து மார்க்கரால் கறுப்படித்து, வீட்டுக்குப் பின்னாடி மண்மேட்டில் செருகி வைத்தோம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 84 படி. கீழிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்து, கல் போட்டு அடையாளம் வைத்த இடத்தில் நின்று ஐந்து குண்டு.

செய்து பார்த்தால்தான் தெரியும். 84-வது படியில் இதயம் காதுக்குள் அடிக்கிறது, குழல்முனையில் இருக்கும் குமிழ் ஒவ்வொரு துடிப்புக்கும் வட்டத்தின் மேலே போய்க் கீழே வருகிறது, கண்ணாடியில் மூச்சின் ஆவி படிகிறது. நிற்கட்டும் என்று காத்திருந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடும், அவசரப்பட்டால் இழுத்துவிடுவாய். "பாதி மூச்சை விடு, அங்கேயே நிறுத்து, இழுக்காதே, அமுக்கு" என்று மாமா பின்னாடி நின்று சொல்வார். அவருக்கு வயது அறுபத்தெட்டு, என்னைவிடப் படியை மெதுவாகத்தான் ஏறுவார், அதனால் மூச்சு வாங்காமல் வந்து நிற்பார். நல்ல உத்தி.

பன்னிரண்டு நாள், ஆளுக்கு 60 குண்டு. நடுவில் ஒரு நாள் படியில் காட்டெருமை நின்றதால் கணக்கு இல்லை. மாமா 38, நான் 33.

"பார்த்தியா?" என்றார்.

இருவரும் ஒரே திறமை என்றாலே 60 குண்டில் ஐந்து வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும், இதை வைத்து யார் பெட்டர் என்று சொல்ல முடியாது என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். பேப்பரை ஒரு முறை பார்த்தார். "முப்பத்தெட்டு பெருசா, முப்பத்திமூணு பெருசா? அதைச் சொல்லு முதல்ல."

மறுநாள் சாயங்காலம் சும்மா டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். கல்லிலிருந்து அட்டைக்கு 10 மீட்டர் இல்லை, ஒன்பது மீட்டர் சொச்சம்தான். மாமாவைக் கேட்டேன். "ஆமா, பழைய இடம் ஒரே சகதி, வழுக்குச்சு. கொஞ்சம் முன்னாடி காய்ஞ்ச தரையில தள்ளி வெச்சேன். ஏன்?" என்றைக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா என்பதிலேயே மாமிக்கும் அவருக்கும் தகராறு.

நோட்டில் குத்துமதிப்பாக ஒரு தேதிக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, "கல் இடம் மாற்றம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.